அண்ணன் திரும்பப் பெற்ற வழக்கு

“குறித்த நேரத்துக்குப் பின் வந்து சேர்ந்ததால் தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படவில்லை.” 1987 செப்டம்பர் இறுதியில், டெண்டர் கோரியிருந்த அரசு அலுவலகத்திலிருந்து அண்ணனுக்கு வந்த கடிதத்தில் இந்த ஒரு வரிதான் இருந்தது. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அந்த வரி தந்த துயரத்தையே முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் ரிஷிவந்தியத்துக்கு அருகே கூலிக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி தலைமையாசிரியர் போட்டது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தான் என்பார் அம்மா. நான் அதையே கொள்கிறேன். சித்தாளாகக் கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கடைசியில் தம் பெயரிலேயே ஒப்பந்ததாரராகப் பதிந்தார். கல்வராயன் மலையில் ஓர் ஓடைப் பாலத்துக்குத்தான் முதன்முதலாக டெண்டர் எழுதினார். அதற்கு முன் மலையேறி, ஓடையில் இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்தார்.

டெண்டர் பெட்டி மூடும் நாள், இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் வாரத்தில் விழுந்தது. பேருந்து இல்லை. சாலையெங்கும் மரங்கள் கிடந்தன. அண்ணன் சைக்கிளில் புறப்பட்டார். மறியலில் நின்ற எங்கள் உறவினர்களே சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அப்பால் வைத்து, “போண்ணா, ஆபீசு எங்க ஓடிடப்போவுது!” என்று சிரித்தார்களாம். அவர் மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தார். பெட்டியை முந்தின மாலையே திறந்து, உள்ளூர்க்காரர் ஒருவர் போட்டிருந்த ஒரே டெண்டரை ஏற்றிருந்தார்கள்.

அண்ணன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வக்கீல் முதலிலேயே சொல்லிவிட்டார்: “வேலைய யாருக்குத் தரணும்னு கோர்ட் சொல்லாதுங்க. முடிவெடுத்த முறை நியாயமான்னுதான் பாக்கும்.”

“அது போதுங்க. நானும் அதத்தான் கேக்கறேன்” என்றாராம் அண்ணன்.

தீபாவளி கழிந்த வாரம் பால வேலைக்குத் தடை உத்தரவு கிடைத்தது. சின்னசேலத்தில் ரயிலைவிட்டு இறங்கியவரிடம் மாமா, “இன்னா மாப்ள, கவர்மெண்ட்டையே நிறுத்திப்புட்டியாமே! எங்கூட்டு எருமை ஓடிக்கினே கீது, அதையும் கொஞ்சம் நிறுத்திக்குடு” என்றார். அண்ணன் அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கார்த்திகையில் மலையிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிரசவ வலி கண்ட மனைவியைத் தூளி கட்டித் தூக்கி வந்தபோது ஓடையில் வெள்ளம். கரையிலேயே பிள்ளை பிறந்து, பிழைக்கவில்லை.

“பாலம் இன்னும் ஏன் வரலன்னு ஆபீசுல கேட்டேன். கள்ளக்குறிச்சிக்காரரு ஒருத்தரு கோர்ட்டுல தடை வாங்கிக்கினாருன்னாங்க. அது நீதானா?”

“நான்தாங்க.”

“சரி. ஆளப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்.”

அவர் திரும்பி நடந்தார். அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை.

அந்த வாரமே அண்ணன் சென்னைக்குப் போனார். அடுத்த வாய்தாவில் தீர்ப்பு நம் பக்கம்தான், மறியல் நடந்தது ஊரறிந்தது என்று வக்கீல் எவ்வளவோ சொன்னார். “தீர்ப்பு வர்ற வரிக்கும் வெள்ளம் நிக்குங்களா?” என்று கேட்டு, வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டார். பாலத்தை மற்றவர் கட்டினார். அதன்பின் அண்ணன் தம் பெயரில் டெண்டரே போடவில்லை. கடைசிவரை பிறர் வேலைகளில் மேஸ்திரியாகவே உழைத்தார். அவர் பூசிய சுவரில் விரிசல் விட்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

தடை இல்லாவிட்டாலும் அந்த மழைக்குள் பாலம் எழும்பியிருக்காது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “எனக்குத் தெரியும் பாப்பா. அந்த ஆளுக்கு யாரு சொல்றது?” என்பார். மருத்துவமனையில் நினைவு தப்புவதற்கு முன்கூட, “அந்தத் தேதியப் பாத்தியா?” என்றுதான் என்னிடம் கேட்டார்.

அவருக்கு இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், இரவு பகலாக உடனிருந்த அண்ணிக்கும், மணலூர்பேட்டையிலிருந்து வந்து தோள்கொடுத்த அவருடைய கொத்தனார்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அண்ணன் கேட்ட தேதியைத் தேடி மலைக்கு இருமுறை போய்வந்தேன். வீடு தேடி வந்தவர் இப்போது இல்லை. குழந்தையின் பிறப்பும் இறப்பும் எங்கும் பதிவாகவில்லை. தீபாவளிக்கு முன் வந்த வெள்ளம் என்கிறார் அவருடைய தம்பி. பின்னால் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். முன்னால் என்றால், அப்போது தடை உத்தரவே இல்லை. எது சரி என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.