மின்தடை நாளில் கேட்ட ஜிலேபி மீன்

1. அறிவிப்பு

மதிப்பீட்டுக் குழு வருகிற அதே புதன்கிழமை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். எங்கள் திட்டப் பொறுப்பாளர் பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றார். அவரை நாங்கள் எல்லோரும் 'சார்' என்றே கூப்பிடுவோம்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோனேன். வேலை தற்காலிகம். குழு திருப்தியடைந்தால் திட்டம் இன்னொரு வருடம் ஓடும். இல்லாவிட்டால் எனக்கும் அட்டெண்டர் தேவராஜ் அண்ணனுக்கும் அந்த மாதத்தோடு வேலை இல்லை.

திட்டம் இதுதான். ஜிலேபி மீன் நம் ஊர் மீன் அல்ல. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். அது நசரத்பேட்டைப் பக்கத்து ஏரிகள்வரை பெருகி, கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இனப்பெருக்க சமயத்தில் ஆண் மீன் வாயால் மணலில் குழி தோண்டும். உடல் கறுத்துவிடும். பெண் அந்தக் குழிக்கு வந்து முட்டையிட்டு, முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். பெண் குழியில் இருக்கும்வரை ஆண் தாழ்ந்த குரலில் ஒரு சத்தம் எழுப்புகிறது. அதைப் பதிவு செய்து ஏரியில் ஒலிக்கவிட்டால், சினை மீன்களை வலைப்பக்கம் இழுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

சத்தத்தைப் பிடிப்பது என் பொறுப்பு.

2. ஹம்

தண்ணீருக்குள் கேட்கும் மைக்கை நானே செய்தேன். அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ தகடு, அதைச் சுற்றி ரப்பர் உறை, ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர், கடைசியில் கேசட் ரெக்கார்டர். மைக் நன்றாகவே வேலை செய்தது. தொல்லை இரண்டு. ஒன்று, பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கிற பவர் பிரஸ். இன்னொன்று, மின்சாரத்தின் ஹம், கரண்ட் ஓடுகிற இடமெல்லாம் மைக்கில் ஏறிவிடும் ஓயாத ரீங்காரம்.

எங்கள் ஷெட்டில் மீன்களை விட்டிருந்த தொட்டிக்கு அடியில் ஃபோம் வைத்தேன். ஷீல்டு வயர் மாற்றினேன். எர்த் போட்டேன். காற்றுப் பம்பை நிறுத்தினேன். ரெக்கார்டரை பேட்டரியில் ஓட்டினேன். எங்கள் மெயினையே அணைத்தாலும் பக்கத்து மோட்டார்கள் விடவில்லை. ஃபில்டர் போடலாம் என்றால், மீனின் சத்தமும் அதே தாழ்ந்த சுருதியில்தான் இருந்தது. ஹம்மை வெட்டினால் மீனும் சேர்ந்து போய்விடும்.

"இதுல மீன் எது, மிஷின் எது?" என்று ஒவ்வொரு கேசட்டுக்கும் சார் கேட்பார். எனக்கு அடையாளம் தெரியும், ஆனால் அடுத்தவரை நம்பவைக்க முடியவில்லை.

அதனால்தான் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

"சார், அன்னைக்கு பக்கத்து ஷெட்டும் ஓடாது. இத விட்டா இப்படி ஒரு நாள் கிடைக்காது."

"அதெல்லாம் சரிம்மா. மே மாசம், தகர ஷெட்டு. ஃபேன் இல்லாம பெரியவங்கள எப்படி உக்கார வைக்கிறது? பூந்தமல்லியில ஜெனரேட்டருக்குச் சொல்லிட்டேன்."

"ஜெனரேட்டருக்கு அந்த பிரஸ்ஸே தேவலை சார்."

"பாக்கலாம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம்.

3. புதன்கிழமை

ஜெனரேட்டர் வாசலிலேயே ஓடியது. ஷெட்டின் தகரம் முழுவதும் அதிர்ந்தது. குழுவில் மூன்று பேர். தலைவர் ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். நேராக ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சார் வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போதே, தொட்டியில் பெண் மீன் குழிக்குள் இறங்கிவிட்டது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், பொண்ணு குழிக்கு வந்தாச்சு. ஜெனரேட்டர இப்பவே நிறுத்தணும். இது முடிஞ்சா இன்னைக்கு மறுபடி வராது."

சார் என்னைப் பார்த்தார். தலைவரின் தலைக்குமேல் சுற்றுகிற ஃபேனையும் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தேவராஜ், நிறுத்துப்பா" என்றார்.

ஜெனரேட்டர் நின்றது. தெருவே அமைதியானது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் வேர்க்க ஆரம்பித்தது. தேவராஜ் அண்ணன் ஒரு ஃபைல் அட்டையை எடுத்துத் தலைவருக்கு விசிறினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க சார். மாப்ள பாடிக்கினு கீறாரு. பொண்ணு ஒத்துக்கினா வேலை முடிஞ்சுது."

நான் ஹெட்போனைத் தலைவரிடம் கொடுத்தேன். ஆண் மீன் பெண்ணைச் சுற்றி வந்து, உடலைச் சிலிர்த்துச் சத்தமிட்டது. அவர் முகத்தைச் சுளித்தார்.

"இது கரண்ட் ஹம் தானேம்மா? நீங்க அனுப்பின கேசட்ல எல்லாம் இதத்தான் கேட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் அண்ணன் சொன்னார்: "கரண்ட் இருந்தா நான் ஏன் சார் விசிறிக்கினு நிக்கப் போறேன்?"

சார் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. நின்றுபோயிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார். ரெக்கார்டரைப் புரட்டி, பின்பக்க மூடியைத் தொட்டு, உள்ளே இருப்பது பேட்டரிதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தொட்டிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பெண் முட்டையிட்டது, திரும்பியது, வாயில் அள்ளியது. ஆண் ஒவ்வொரு முறை சிலிர்த்தபோதும் தலைவரின் விரல் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. கடைசியில் பெண் வாய் நிறைய முட்டையோடு மூலைக்குப் போய்விட்டது. அவர் விரலும் நின்றது.

"ஏம்மா, சத்தம் நின்னுடுச்சு?"

"பொண்ணு போயிடுச்சு சார்."

ஒன்றுமில்லாததை அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, காது வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாரிடம் திரும்பினார்.

"இந்தத் தெருவுல அடுத்த பவர் கட் எப்போ?"

திட்டம் இன்னொரு வருடம் ஓடியது. ஏரியில் அந்தச் சத்தத்துக்கு வலைப்பக்கம் வந்த மீன்கள் குறைவுதான். ஆனால் சத்தம் மீனுடையதுதானா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. டிப்ளமோ முடித்துப் புதிதாகப் பதிவு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: சத்தம் வருகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது நிற்கிற இடத்தையும் சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள்.