பச்சிலை தர மறுத்தவர்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் விலாவில் வலி வந்தது. வந்தால் தரையில் சுருண்டு விடுவார். சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதுமே மாமாவுக்குப் பாதி வலி போய்விட்டது.

ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து வைத்தியம் தெரிந்த ஓர் அம்மாளை அப்பா அழைத்து வந்தார். அவர் சிறுபீளையை வேரோடு பிடுங்கி வந்து, நெருஞ்சி முள்ளை இடித்துச் சேர்த்து, எங்கள் அடுப்பிலேயே காய்ச்சினார். மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கொஞ்ச நாளில் கல் விழுந்துவிட்டது. மிளகளவுகூட இல்லாத அதைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பெண் வீட்டாருக்கும் காட்டினார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மாமாவின் முகம் உப்பியிருந்தது. பிறகு கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டதென்று தாம்பரம் டாக்டர் சொன்னதை அம்மா நம்பவில்லை. உறவுக்காரர்கள் இளநீரும் பழமுமாக வந்து, "எல்லாம் சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா அந்த வைத்தியக்கார அம்மாளுக்கு ஆள் அனுப்பினாள். வந்தவர் மாமாவின் பாதத்தில் கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே மருந்தக் குடுங்கக்கா" என்றாள் அம்மா.

"இது கல்லு இல்லம்மா. என் பச்சிலைக்கு இது கேக்காது. குடுத்தா கெடுதிதான் வரும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

"அன்னிக்குக் கேட்டுதே!"

"அது வேற, இது வேற. தெரிஞ்சே எப்படிம்மா குடுப்பேன்?"

அம்மா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. உடனே அம்மாவுக்குக் கோபம் வந்தது. "குடுக்க மனசில்லன்னா கெளம்புங்க. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்று கத்தினாள். மாமா கட்டிலில் இருந்தபடி, "அவங்கள எதுக்குக்கா திட்டற? உண்மையத்தானே சொல்றாங்க" என்றார். எங்கள் வீட்டில் அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் அவர் தலையைத் தடவிவிட்டு வெளியேறினார்.

மறுநாளே அப்பா மாமாவை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மாமா இளைத்துக்கொண்டே போனார். பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள். ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அம்மாவின் கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. அப்போது கேட்டுக்கு வெளியே அந்த அம்மாள் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா எழுந்து விடுவிடுவென்று போனதும், திட்டித் துரத்தப் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அம்மா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அத்தனை சொந்தம் உள்ளே உட்கார்ந்திருக்க, மருந்து தர மாட்டேன் என்றவரிடம் போய் ஏன் அழுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.