பிலோமினா டீச்சரின் கோபம்

அன்று இரங்கல் கூட்டத்தில் நான் பேசவில்லை. “பிலோமினா டீச்சர் கோபமே அறியாதவர்” என்று எங்கள் டுடோரியல் முதல்வர் சொன்னார். அது பொய் என்று நான் எழுந்து சொல்லவில்லை. காலையில்தான் பாலக்கரையிலிருந்து டீச்சரின் தம்பி வந்து, மாரடைப்பில் போய்விட்டார் என்று சொல்லியிருந்தார்.

டீச்சரை அறிந்தவர்களுக்கு அவருடைய மரபுத்தொடர் வகுப்பு நினைவிருக்கும். கோபத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள தொடர்களை நடித்தே காட்டுவார். “வெள்ளைக்காரனுக்குக் கோபம் வந்தா கூரையில போய் முட்டுவான். சட்டைக் காலர் சூடாயிடும். பிடி கழண்ட கோடாலியா பறப்பான். நமக்கு வந்தா ‘அடக்கமில்லாதவ’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.” ஆங்கிலத்தில் தோற்று எங்களிடம் வந்தவர்கள், ஆங்கில வகுப்பில் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

முதல்வர் தினமும் ஆங்கிலத்தில் கத்துவார். எங்கள் இடத்தில் அதற்குப் பெயர் கண்டிப்பு. தமிழில் குரலை உயர்த்தினால் அது குழாயடிச் சண்டை. ஆகவே யாரைத் திட்டுவதானாலும் நாங்கள் முதலில் ஓர் ஆங்கில வாக்கியம் தேடுவோம்.

எமர்ஜென்சி முடிந்த வருடம், டீச்சரின் வகுப்பில், பச்சைமலைக் கிராமத்திலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி பாடத்தை வாசிக்கத் திணறினாள். அந்தப் பக்கம் வந்த முதல்வர் வாசலிலேயே நின்று, “மரவள்ளி தின்ன நாக்குல இங்கிலீஷ் எப்படி ஏறும்?” என்றார். வகுப்பு சிரித்தது.

“வாயை மூடுங்க சார். அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க” என்றார் டீச்சர்.

“என்ன மிஸ், படிச்சவங்கதானே நீங்க? இங்கிலீஷ்லயாவது சொல்லியிருக்கலாம்.”

“உங்களுக்குப் புரியணும்னுதான் சார் தமிழ்ல சொன்னேன்.”

அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. டீச்சரைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மறுத்தார். வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, ஆபீஸ் மூலையில் பழைய கேள்வித்தாள்களை அடுக்க வைத்தார்கள். கடைசிவரை அதுதான் அவர் வேலை.

“விட்டுட்டுப் போயிடலாமே டீச்சர்” என்றேன் ஒருநாள்.

“போயிட்டா அவருக்கு நிம்மதியாயிடும், வைதேகி. தினமும் என் மூஞ்சியப் பாக்கட்டும்.”

இந்த மனுஷியைத்தான் படத்துக்கு மாலை போட்டுச் சாந்தசொரூபி ஆக்கினார்கள்.

கூட்டம் முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் கிளம்பிய என்னை முதல்வர் நிறுத்தினார். “அவங்க முன்னாடி எடுத்த மரபுத்தொடர் வகுப்பை மறுபடி ஆரம்பிக்கலாம், நீங்க எடுத்துக்கங்கம்மா. நீங்களும் அவங்க மாதிரி சாந்தமானவங்க.”

கோபத்தை நேராகச் சொல்லும் அந்தத் தமிழைத்தான் டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

“வேண்டாம் சார். அவங்க சாந்தமானவங்க இல்ல. நானும் இல்ல” என்றேன்.

ஜூனில் டுடோரியல் திறந்தபோது எனக்கு அங்கே வேலை இல்லை.