பிடிலுக்கு எழுதிய காகிதம்

என் சித்தப்பா ஜெர்மனிக்குப் போனது எங்கள் ஒக்கலிபுரத்துத் தெருவுக்கே பெரிய சமாசாரம். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து, புது மெஷின்களைப் பழகிக்கொண்டு வர ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அதில் சித்தப்பா ஒருவர். பம்பாய் வரை ரயில், அப்புறம் கப்பல், அங்கே பதினெட்டு மாதம். எனக்கு அப்போது எட்டு வயது. மழை விட்ட சாயங்காலத்தில் எங்கள் ஊர் கப்பன் பார்க் எப்படி இருக்குமோ அப்படித்தான் ஜெர்மனி இருக்கும், கொஞ்சம் பெரிதாக, என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அங்கே போய் வந்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லாததால் ஒருவரும் மறுக்கவில்லை.

தெரு கொண்டாடியது. அம்மா மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது சித்தப்பா ஐந்து வயதுப் பிள்ளை, தாயில்லாதவர். தலைவாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, ஜுரம் வந்தால் கஷாயம் புகட்டி வளர்த்தவள் அம்மாதான். எனக்கு முன்னாலேயே அம்மாவுக்கு அவர் பிள்ளை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்னொன்றும் இருந்தது. அம்மாவைப் பெற்றவர் இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று பர்மாவுக்குக் கப்பலேறியவர். வரவே இல்லை.

"எல்லாரும் தானே போறாங்க," என்றார் அப்பா.

"போனவங்கல்லாம் வந்துட்டாங்களா?" என்றாள் அம்மா.

சித்தப்பாவோ, "அண்ணி சரின்னு சொல்லாம நான் ரயில் ஏற மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். தொழிற்சாலைக்குப் பதில் சொல்ல நான்கே நாள்தான் இருந்தது.

சித்தப்பாவிடம் ஒரு பிடில் இருந்தது. கன்டோன்மென்ட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தேசத்துக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய பிடில். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். நான் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பேன். அங்கே படுத்தால் சத்தம் மேலிருந்து வராது, சிமென்ட் தரையிலிருந்து முதுகு வழியாக ஏறி வரும். நடுவில் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதும். அதுவும் சித்தப்பாதான் வாசிக்கிறார் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். எனக்கும் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தார். என் வாசிப்பைக் கேட்டு எதிர்வீட்டுக் குழந்தை அழுததாகச் சொல்வார்கள். அபாண்டம்.

அந்தப் பிடிலையும் கூட எடுத்துப் போக வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. லிங்கராஜபுரத்து நண்பர் ஒருவரும் அந்த ஆறு பேரில் இருந்தார். பால் பேட்மிண்டன் பைத்தியம். இரண்டு பேட்டும் ஒரு டஜன் மஞ்சள் உல்லன் பந்தும் இல்லாமல் கப்பலேற மாட்டேன் என்றவர். நாங்கள் அவரைப் பேட்டு மாமா என்போம். அவர்தான் விஷயம் சொன்னார்: "சும்மா எடுத்துட்டுப் போயிட்டேன்னு வெச்சிக்கோ, திரும்பி வரப்ப பம்பாய்ல இது அங்க வாங்கினதுன்னு சுங்க டூட்டி போட்டுடுவான்பா. இங்கியே கஸ்டம்ஸ் ஆபீஸ்ல காட்டி எழுதி வாங்கிக்கணும்."

அந்த ஆபீசுக்கு நானும் போனேன். பிடில் வில்லைத் தூக்கி வருவது என் பொறுப்பு. மூக்குக் கண்ணாடி போட்ட கன்னடக்கார அதிகாரி முதலில் மஞ்சள் பந்துகளைத்தான் அமுக்கிப் பார்த்தார். "உல்லன் வியாபாரமா?" என்றார். பேட்டு மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இப்படித்தான் ஆடுவது என்று ஒரு பந்தை அங்கேயே அடித்துக் காட்டினார். அது பீரோவுக்குப் பின்னால் போய் விழுந்தது. பியூன் தரையில் படுத்துக் கையை விட்டு அதை எடுத்தார்.

பிடிலில்தான் சிக்கல். "நம்பர் எல்லி, எங்கே? நம்பர் இல்லாம எப்படி எழுதறது? நாளைக்கு வேற ஒண்ணைக் கொண்டாந்து இதுதான்னு சொன்னா?" என்றார் அதிகாரி.

சித்தப்பா பிடிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதுவதற்கு ஒரு அடையாளமும் அகப்படவில்லை. அதிகாரி பேனாவை மூடினார். "தலைச் சுருளுக்குப் பின்னாடி உடைஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டேன். "நான்தான் போட்டுட்டேன். அப்புறம் மெழுகு வெச்சு ஒட்டிட்டேன்."

சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடிக்கவில்லை, மகராசன். அதிகாரி நகத்தால் மெழுகைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் செய்த தப்பு சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டது! எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத கௌரவம் அது.

பிறகு சித்தப்பாவிடம், உன்னுடையதுதானா பார்க்கலாம், வாசி என்றார். சித்தப்பா நின்றுகொண்டே வாசித்தார். டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜன்னலுக்கு வெளியே குல்மொஹர் மரம் சிவப்பாகப் பூத்திருந்தது. அந்த நாற்காலிகளும் கட்டுக்கட்டான பைல்களும் மெல்லத் தண்ணீரில் மிதப்பது போல எனக்கு இருந்தது. அந்த ஆபீசே கப்பலாகி எங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். வாசித்து முடித்தார். "இன்னொந்து பாரிசி," என்றார் அதிகாரி, இன்னொன்று வாசியுங்கள் என்று, மிகவும் மரியாதையாக. அதற்குப் பிறகுதான் முத்திரை விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அந்தக் காகிதத்தை அம்மாவுக்கு முன்னால் விரித்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"பாருங்க அண்ணி, சர்க்கார் முத்திரை. இந்தப் பிடில் எந்த ஊருக்குப் போனாலும் திரும்பி இங்கியே வரணும்னு எழுதியிருக்காங்க."

"பிடில் வரணும். சரி. நீ?"

"பிடில் தானா நடந்து வருமா? கொண்டாந்து காட்ட வேண்டிய ஆள் நான்தான். வரலன்னா சர்க்கார் என்னை விட்டுடுமா?"

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சித்தப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். அம்மா அந்த ஊதா முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய அப்பா பர்மாவுக்குப் போனபோது யாரும் எதையும் எழுதி வாங்கவில்லையே என்று நினைத்தாளோ என்னவோ. "இதை ஒண்ணு பார்த்து எழுதி எனக்குக் குடு," என்றாள். சித்தப்பா அழகான கையெழுத்தில் நகல் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, "போயிட்டு வா," என்றாள்.

ஸ்டேஷனில் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. எதற்கு அழ வேண்டும், காகிதம் வீட்டில் இருக்கிறதே! சித்தப்பா போன பிறகும் காலியான கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வேன். பிடில் இப்போது கடல்மேல் போய்க்கொண்டிருக்கும், மீன்கள் கப்பலுக்கு அடியில் மல்லாந்து படுத்து அதைக் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கடிதங்கள் முதலில் வாரத்துக்கு ஒன்று வந்தன, பிறகு மாதத்துக்கு ஒன்று. பனி கொட்டுகிறது என்று எழுதினார். எல்லாக் கடிதத்திலும் அண்ணி சௌக்கியமா என்று இருக்கும். அப்பா படிக்க, அம்மா அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள்.

பதினெட்டு மாதம் முடிந்து சில நாளில், பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், எங்கள் வாசலில் கோட்டு போட்ட பேட்டு மாமா. கையில் பிடில் பெட்டி. அவ்வளவுதான், புத்தகப் பையை வீசிவிட்டுத் தெருமுனை வரை ஓடினேன். "எங்க சித்தப்பா வந்துட்டாரு! எங்க சித்தப்பா வந்துட்டாரு!" பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். அப்பா ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேட்டு மாமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா எங்க?" என்றேன்.

"அங்கியே பெரிய வேலை குடுத்துட்டாங்கம்மா," என்று என்னிடம் சொன்னவர் அம்மா பக்கம் திரும்பினார். "அண்ணிக்கு வாக்கு குடுத்திருக்கேன், பிடிலையாவது பத்திரமா சேர்த்துடுன்னு சொன்னான் அண்ணி. பம்பாய்ல காயிதத்தைக் காட்டினேன், ஒண்ணும் கேக்காம விட்டுட்டாங்க."

அம்மா பெட்டியை வாங்கி மெதுவாகக் கீழே வைத்தாள். "எழுதிக் குடுத்தபடி அனுப்பிட்டான் பாருங்க," என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு பேட்டு மாமாவிடம், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பிடில் வந்தாயிற்று, அடுத்த கப்பலில் ஆள் வந்துவிடுவார், வராவிட்டால் சர்க்கார் சும்மா விடுமா என்ன! பெட்டியைத் திறந்து, பிள்ளைகளையெல்லாம் சுற்றி உட்கார வைத்து, சரளி வரிசையை எடுத்துவிட்டேன். ஸ்வரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மா சுவரோரமாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். என் வாசிப்பு அவ்வளவு உருக்கமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் பலமாக வில்லை இழுத்தேன்.