இடது கால் வண்டி

பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி மோதி என் வலது கால் போனது. இடது காலால் ஓட்டும்படி காரை மாற்றிக்கொண்டேன். மாற்றுத்திறனாளிகளுக்குச் சாலை வரி விலக்கு உண்டு. அதற்காக வண்டியை வாகனச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வீடு இருக்கும் உலு திராமிலிருந்து காலை நெரிசலில் ஓட்டியது நான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

அதிகாரி நம்மவர்தான், தமிழர். என் ஊன்றுகோலைப் பார்த்ததும் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அக்கா, இவருக்கு எந்தக் கால் இல்ல?”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “என்கிட்ட கேளுங்க. கால்தான் போச்சு, வாய் இருக்கு.”

“சரிண்ணே, கோவப்படாதீங்க லா.”

சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வலது காலால் ஆக்சிலரேட்டரைத் தேடினார். அது பிரேக்குக்கு இடது பக்கம் இருந்தது.

“அலமாக், இத எப்படி ஓட்டுறது?” என்று திகைத்துப்போய்க் கேட்டார், மறுபடியும் மனைவியிடம்.

“தினமும் நான் ஓட்டுறேன்!” என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம், ஏதோ நான் தப்புச் செய்ததுபோலத் திரும்பிப் பார்த்தார்கள்.

இறங்கிவந்து படிவத்தில் முத்திரை குத்தினார். சாவிக்காக நான் கையை நீட்டினேன். அவர் அதை என் மனைவியிடம் கொடுத்தார்.

“பாத்து ஓட்டிட்டுப் போங்கக்கா.”

அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.