ஆடாத காபி

ரோஜே காபியைத் தட்டில் ஊற்றுகிறார், ஆனால் குடிப்பதில்லை. வட்ட ரம்பத்தின் இரும்பு மேசை ஓரத்தில் தட்டை வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டுகிறார். ரம்பம் சீறிச் சுழல்கிறது. காபி அசையாமல் கிடந்தால் வட்டு நேராக ஓடுகிறது என்று பொருள், வேலை தொடங்கலாம். அலை எழுந்தால் வட்டைக் கழற்றி மறுபடி மாட்டுவார். "காபி ஆடுனா அப்புறம் கை ஆடும்" என்பார். ஆறிப்போன அந்தக் காபியை மரத்தூள் விழுவதற்குள் ஒரே மடக்கில் குடித்துவிடுவதும் அவர்தான்.

காரைக்காலில் பிறந்தவர். சைகோனில், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பின்சந்தில் பட்டறை. காதுக்கு ஒன்றாக இரண்டு பென்சில் செருகியிருக்கும். அப்படியும் பென்சிலைக் காணோம் என்று பட்டறையையே தலைகீழாக்குவார். ரம்பம், பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது விட்டுப்போனது. "இது பாரீஸ் மாமியாரு. மரியாதையா நடந்துக்கிட்டா வாயே தொறக்காது" என்று அதன் மேசையைத் தட்டிக்கொடுப்பார்.

மாமியாருக்குக் காவல் ஒன்று உண்டு. வட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகடு. அறுபட்ட மரம் வட்டை நெரித்து, ஆள்மேல் எகிறாமல் தடுப்பது அதுதான். அதைக் கழற்றும் ஸ்பானர் ரோஜேயிடம் இல்லை. மனைவி மார்கரித்தின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. அவள் அண்ணன் அகுஸ்தேன் வேறொரு பட்டறையில் தகடில்லாமல் அறுக்கப் போய் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஊரில் மற்றப் பெண்கள் பீரோச் சாவியை முடிந்திருப்பார்கள், என் வீட்டில் ஸ்பானர் என்று ரோஜே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரி வேலை வந்தது. பள்ளி திறக்குமுன் முடிக்க வேண்டும். முடித்தால் அடுத்து பெஞ்சு வேலையும் அவருக்கே. ஒவ்வொரு பக்கப் பலகையிலும் தட்டுகள் உட்கார வரிசையாகக் காடிப் பள்ளம் எடுக்க வேண்டும். ஒற்றை வட்டால் நகர்த்தி நகர்த்திக் கீறினால் பள்ளி திறந்து பரீட்சையே வந்துவிடும். ஹாம் ஙி தெரு நடைபாதையில் அமெரிக்கச் சரக்குக்கு நடுவே ரோஜே கண்டது, காடி வெட்டுவதற்கென்றே செய்த வட்டுக் கட்டு: ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டு, நடுவில் அடுக்க மூன்று வெட்டுத் துண்டு. ஒரே ஓட்டத்தில் அகலமான காடி. குழந்தை பொம்மையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

அமெரிக்க வட்டின் துளை சிறிசு, பிரெஞ்சு ரம்பத்தின் தண்டு பெரிசு. சோலோன் பேட்டையில் ஒரு சீனர் லேத்தில் துளையைக் கடைந்து கொடுத்தார். இனி மிஞ்சியது ஒன்றுதான். காடி பலகையை முழுதாக அறுக்காது. வட்டைவிட உயரமான தகடு பலகையை மறிக்கும். தகடு இறங்கியாக வேண்டும்.

"மார்கரித், அந்த ஸ்பானர..."

"எதுக்கு?"

சொன்னார். அவள் முகம் வெளுத்தது. உலையை இறக்கி வைத்துவிட்டுத் தானே பட்டறைக்கு வந்தாள். "கழட்டுங்க. நான் இங்கயே நிப்பேன்."

ரோஜே தகட்டைக் கழற்றிவிட்டு, வட்டுக் கட்டு முழுவதையும் தண்டில் அடுக்கினார். தண்டு குட்டை, நட்டு நுனியில் ஏதோ பேருக்குத்தான் பிடித்தது. "போதும், போதும்" என்றார், தமக்கே சொல்லிக்கொள்வதுபோல. மார்கரித் காபித் தட்டைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தாள். இருவரும் ஒதுங்கி நின்றார்கள். சுவிட்ச் விழுந்தது.

காபி அலையடித்தது, விளிம்பு தாண்டி மேசையில் வழிந்தது. ரோஜே பாய்ந்து சுவிட்சை அணைத்தார். வட்டு நிற்க எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் அவருக்கு அகுஸ்தேனின் மூன்று விரல் கைதான் கண்ணில் நின்றது, பயந்துதான் போனார்.

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. எங்க அண்ணனும் இப்படித்தாங்க, போதும் போதும்னான்" என்றாள் அவள்.

ரோஜே நட்டைக் கழற்றினார். நடுவில் இரண்டு துண்டை எடுத்துவிட்டு, ஒன்றோடு மாட்டினார். நட்டு தண்டில் முழுதாக ஏறி இறுகியது. காடி குறுகும், ஒன்றுக்கு இரண்டு ஓட்டம் ஓட வேண்டும், ஓடினால் போகிறது. "மேல ஒரு மூடி" என்றாள் அவள். பலகையில் பெட்டிபோல மூடி அடித்து வட்டுக்கு மேலே பொருத்தினார். "கையால தள்ளாதீங்க" என்றாள், தள்ளுகட்டை செதுக்கினார். மறுபடி காபி. இம்முறை தட்டுக் காபியில் ஓட்டுக் கூரையின் முகடு அசையாமல் அப்படியே தெரிந்தது.

"வுவாலா! பாத்தியா!" என்று கூவினார் ரோஜே.

பள்ளி திறப்பதற்கு முந்தின மாலை கடைசிப் பலகையும் முடிந்தது. ஸ்பானரை யாரும் கேட்கவில்லை. ரோஜே வட்டுகளை இறக்கினார், தகட்டைத் திரும்ப நிறுத்தி இறுக்கினார். அடுப்படி வாசலுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கையில் ஸ்பானரை வைத்து நீட்டினார். மார்கரித் ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் அந்தக் கைகளைப் பிடித்து, பத்து விரலையும் ஒருமுறை பார்த்தாள்.