சுகுணாக்காவின் காரில் கேட்ட சத்தம்

சுகுணாக்கா ஆக்சிலேட்டரை மிதித்தால் கொல்லிமலையின் எழுபது வளைவுகளும் பயந்துபோய் நேராகிவிடும். செம்மேட்டில் ஜீப்பும் மினி லாரியும் பழுது பார்க்கிற பட்டறை அவருடையது. மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய டர்போ காரோடுதான் குடித்தனம். இன்ஜினுக்கு வேகம் கூட்டப் பெரிய டர்போவை மாட்டி, எடை குறைய பின்சீட்டைக் கழற்றி எறிந்து, கோயம்புத்தூர் ரேஸுக்குத் தயார் செய்திருந்தார். மலையேற்றத்தில் இன்ஜின் தாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமை ரேஸ்.

பட்டறையில் எடுபிடியான நானும் அக்காவும் அடிவாரத்திலிருந்து ஏறினோம். மூன்றாவது வளைவில் ‘டொக்’ என்றது. அடுத்த வளைவிலும் ‘டொக்’. சைலன்சர் இரைச்சலில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று புரியவில்லை. அக்காவின் முகம் செத்துப்போனது.

“இன்ஜின் தட்டுதுடா. எல்லாம் போச்சு.”

“கோயம்புத்தூருக்கு பஸ் இருக்குதுங்கக்கா.”

“வாயை மூடுறா.”

ஓரமாக நிறுத்தி, இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை.

“திரும்பறப்ப மட்டுந்தானே தட்டுது?” என்று போய் டிக்கியைத் திறந்தார்.

மஞ்சள் துணியில் கட்டிய ஒரு தேங்காய் உருண்டு வந்தது. துணியெல்லாம் எட்டுக்கை அம்மன் கோயில் குங்குமம். அக்கா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

“கொரங்கு போட்டிருக்குங்கக்கா. இந்த ரோட்டுல கொரங்குத் தொல்லை ஜாஸ்தி.”

அக்கா துணியைக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

“அந்தக் கொரங்கு ஒத்தக் கால்ல கயிறில்லாமத்தான் வந்திருக்குது, சாமி.”